உல்ம் நகரப் பங்குத் தேவாலயம்: கொதிக் கட்டடக்கலையும் நகரமாந்தர் வரலாறும்

ஐரோப்பிய மத்தியகாலக் கட்டடக்கலை பற்றி நமது மொழியில் எழுதப்பட்டவை சொற்பமே. அவையும் பெரும்பாலும் பேராலயங்களையே முன்னிறுத்துவன. ஆயரின் ஆசனம் அமைந்த கோவிலே பேராலயம். அதன் பின்னே திருச்சபையின் நிலவுடைமையும், பல வேளைகளில் அரசனின் ஆதரவும் இருந்தன. ஆகவே கொதிக் கலையென்றதும் குருபீடமும் முடியும் இணைந்து எழுப்பிய கலையென்னும் எண்ணம் இயல்பாகவே மனத்திற் பதிந்துவிடுகின்றது. ஆயின் அக்கலையின் பிற்பகுதியில், குறிப்பாகத் தென் ஜேர்மனியில், அதனைத் தாங்கி நின்றோர் வேறொரு சாரார். தன்யூப் ஆற்றங்கரையிலுள்ள உல்ம் நகரின் தேவாலயம் அதற்குத் தக்க சான்றாகும்.

161.53 மீற்றர் உயரமான கோபுரத்தையுடைய இத்தேவாலயம் 1890ஆம் ஆண்டு முதல் 2025ஆம் ஆண்டு வரை உலகின் மிக உயர்ந்த கிறித்தவ ஆலயமாக விளங்கியது. பார்ப்போர் பலர் இதனைப் பேராலயமென்றே அழைப்பர். அது தவறு. உல்ம் நகரில் எக்காலத்தும் ஆயரின் ஆசனம் இருந்ததில்லை. இது தோற்றம் முதல் இன்றுவரை ஒரு பங்குக் கோவிலே. ஒரு நகரத்தின் மக்கள் ஞாயிறுதோறும் கூடி வழிபடுவதற்கென எழுந்தது. இத்துணைப் பெருங் கட்டடத்தை ஒரு பங்கு எதற்காக எழுப்பத் துணிந்தது என்பதே இக்கட்டுரையிற் கருதப்படும் வினா.

உல்மின் பழைய பங்குக் கோவில் நகரமதிலுக்கு வெளியே, வயல்வெளிக்கு அப்பால் இருந்தது. அதன்மீதான உரிமையும் நகரத்தாருக்குரியதன்று. கொன்ஸ்ரன்ஸ் ஏரியின் தீவொன்றில் அமைந்த றைகெனௌ மடமே அவ்வுரிமையை வகித்தது. நிலமானிய முறையின் எச்சங்களில் இதுவும் ஒன்று. நகரம் வளர்ந்து, வணிகம் பெருகி, தனக்கெனச் சபையும் சட்டமும் கொண்டு பேரரசனுக்கு மாத்திரமே கட்டுப்பட்ட சுதந்திர நகராக உயர்ந்த பின்னரும், அதன் மக்கள் ஞானஸ்நானத்துக்கும் அடக்கத்துக்கும் மதிலைக் கடந்து பிறருடைய கோவிலுக்குச் செல்லவேண்டியிருந்தது.

1376ஆம் ஆண்டில் இந்த முரண்பாடு நேரடியாகவே வெளிப்பட்டது. பேரரசன் நான்காம் சார்ள்ஸ் தன் மகன் வென்செஸ்லாசை அடுத்த அரசனாகத் தெரிவு செய்விக்கும் பொருட்டுப் பெரும்பணம் திரட்ட வேண்டியவனானான். சுதந்திர நகரங்களைப் பிரபுக்களிடம் அடகு வைப்பது அதற்கு அவன் கண்ட வழிகளில் ஒன்று. அவ்வாறு அடகுபோன நகரம் தன் சுதந்திரத்தை மீளப்பெறுவது அரிது. இவ்வாபத்தை உணர்ந்த சுவேபியப் பிரதேசத்து நகரங்கள் பதினான்கு அவ்வாண்டு யூலை மாதத்தில் ஒரு கூட்டணியாக இணைந்தன. அதன் தலைமை உல்ம் நகருக்குக் கிடைத்தது. பேரரசன் படையுடன் வந்து உல்மை முற்றுகையிட்டான். நகரைக் கைப்பற்ற இயலாது திரும்பினான். ஆயின் முற்றுகைக் காலத்தில் மதிலுக்கு வெளியே இருந்த கோவிலுக்குச் செல்ல மக்களால் முடியவில்லை. அடுத்த ஆண்டு மே மாதத்தில் கூட்டணி நகரமான றொய்ற்லிங்கனின் அருகே நிகழ்ந்த போரில் வூர்ற்றம்பேர்க் பிரபுவின் குதிரைவீரரை நகரப் படை தோற்கடித்தது. அதற்கு இரு மாதங்கள் நிரம்பு முன்னரே, 1377 யூன் 30ஆந் திகதி, மதிலுக்குள்ளே புதிய தேவாலயத்துக்கு அடிக்கல் இடப்பட்டது. அடிக்கல்லை வைத்தவர் ஆயருமல்லர், மடத்தின் தலைவருமல்லர். நகரத் தலைவராயிருந்த லூட்விக் கிராவ்ற் என்னும் வணிகக் குடும்பத்தவரே அதனை நகரசபையின் கட்டளைப்படி இட்டார். கல்லின்மீது அவர் நூறு பொற்காசுகளைப் பரப்பினாரென்பது மரபு. பழைய கோவில் பிரிக்கப்பட்டு அதன் கற்களும் செதுக்கிய வாயில்களும் உள்ளே கொணரப்பட்டன.

இந்நிகழ்ச்சியைப் பக்திப் பெருக்கின் விளைவாக மட்டும் விளக்குவது போதாது. தற்காப்புக்காக மட்டும் கோவில் இடம் மாற்றப்பட்டதெனின், அளவான ஒரு கட்டடமே போதியது. அன்று உல்மில் வாழ்ந்தோர் ஏறக்குறையப் பத்தாயிரவர். அவர்களோ இருபதினாயிரம் பேர் நிற்கக்கூடிய கூடத்தைத் திட்டமிட்டனர். (ஆசனங்கள் அக்காலத் தேவாலயங்களில் இல்லை; மக்கள் நின்றே வழிபட்டனர்.) பேரரசனுக்கும் பிரபுவுக்கும் மடத்துக்கும் ஒருசேர விடுக்கப்பட்ட பிரகடனமாகவே இதனைக் கொள்ளவேண்டும். கோவிலின் மீதான றைகெனௌ மடத்தின் உரிமைகளை நகரம் விலைகொடுத்து முற்றாகப் பெற்றுக்கொண்டது 1446இலேயே. அதாவது, சட்டப்படி பிறருக்குரிய கோவிலொன்றை உல்ம் நகரத்தார் தம் பணத்தில் எழுபது ஆண்டுகளாகக் கட்டிக்கொண்டிருந்தனர். கட்டடம் முன்னே செல்ல, உரிமை பின்னே வந்து சேர்ந்தது.

அப்பணம் எங்கிருந்து வந்தது? உல்மின் செல்வம் துணியிலிருந்து வந்தது. பாவு ஆளிநார் நூலாகவும் ஊடை பருத்தி நூலாகவும் நெய்யப்பட்ட பார்ஹென்ற் என்னும் துணி அந்நகரின் தனிச்சிறப்பு. ஆளிநார் சுற்றுப்புறக் கிராமங்களில் விளைந்தது. பருத்தியோ கிழக்கு மத்தியதரைப் பகுதிகளிலிருந்து வெனிஸ் துறைமுகத்துக்கு வந்து, அல்ப்ஸ் மலைக் கணவாய்களைக் கடந்து உல்மை அடைந்தது. நெய்த துணியை நகரப் பரிசோதகர் தரம் பார்த்து முத்திரையிட்டனர். அம்முத்திரைக்கு ஐரோப்பியச் சந்தைகள் பலவற்றில் மதிப்பிருந்தது. கிராமத்து நெசவாளன், நகரத்து நெசவாளன், பருத்தியை வரவழைத்துக் கடனாகக் கொடுத்த வணிகன் ஆகியோரிடையே இலாபம் எவ்வாறு பங்கிடப்பட்டது என்பதை ஊகிப்பது கடினமன்று. தேவாலயத்தின் ஒவ்வோர் அடுக்கிலும் இந்நெசவின் உபரி உறைந்து கிடக்கின்றது.

பெருவணிகரின் கொடை மட்டுமே கட்டடத்தை உயர்த்திற்று என்று கூறின் அதுவும் முழு உண்மையாகாது. பணமில்லாதோர் பொருளாகக் கொடுத்தனர். அங்கி, ஆயுதம், அணிகலன் என வந்த பொருட்கள் விற்கப்பட்டுப் பணமாக்கப்பட்டன. கட்டட நிருவாகம் நகரசபை நியமித்த பொறுப்பாளரின் கையில் இருந்தது. கணக்குகள் நகரத்துக்கே காட்டப்பட்டன. குருமார் வழிபாட்டை நடத்தினர், கட்டடத்தை நடத்தவில்லை. பேராலயங்களின் கட்டட வரலாற்றை அறிந்தோர் இவ்வேறுபாட்டின் பெறுமதியை உணர்வர்.

நகரசபையின் அமைப்பும் இதே காலத்தில் மாறியது. கில்ட் எனப்படும் தொழிற்கணங்கள் பரம்பரைப் பெருங்குடியினரோடு நீண்டகாலம் நடத்திய போராட்டத்தின் முடிவில், 1397ஆம் ஆண்டுப் பேருறுதிச் சாசனம் கணத்தவருக்குச் சபையிற் பெரும்பான்மையை வழங்கியது. செல்வர்க்கும் வறியவர்க்கும் பொதுமனிதனாக நடந்துகொள்வதாக நகரத் தலைவன் ஆண்டுதோறும் மக்கள்முன் உறுதி கூறவேண்டுமென அது விதித்தது. அவ்வுறுதிமொழி விழா உல்மில் இன்றும் யூலை மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில் நடைபெறுகின்றது. கட்டடத் திட்டம் அடியோடு மாறியதும் இவ்வாண்டுகளிலேயே என்பது கவனத்துக்குரியது.

திட்டமாற்றத்தை விளங்கிக்கொள்வதற்குக் கொதிக் கட்டட முறையின் அடிப்படையைச் சுருக்கமாகவேனும் கூறவேண்டும். நமது நாட்டில் கூர்வளைவுச் சாளரமும் மணிக்கூண்டும் கொண்ட கோவில்களைப் பலரும் கண்டிருப்பர். அவற்றிற் பல 19ஆம் நூற்றாண்டுக் குடியேற்ற ஆட்சிக் காலத்தில் மத்தியகாலத்தைப் போலச் செய்யப்பட்டவை. கூர்வளைவு அவற்றில் அலங்காரமே. மூலக் கொதிக் கட்டடத்தில் அது பொறியியல். அரைவட்ட வளைவின் உயரத்தை அதன் அகலமே நிர்ணயிக்கும். கூர்வளைவிலோ அகலம் வேறுபட்டாலும் உயரத்தை ஒன்றாக வைத்துக்கொள்ளலாம். அதன் பக்கத் தள்ளுகையும் குறைவு. கூரையின் பாரத்தைக் கல் விலாக்கள் வாங்கித் தூண்களுக்கு இறக்கும். எஞ்சிய பக்கத் தள்ளுகையை வெளியேயுள்ள உதைசுவர்கள் ஏற்கும். இதனால் சுவர் பாரந்தாங்கும் கடமையிலிருந்து விடுபட்டுக் கண்ணாடிக்கு இடங்கொடுக்கும். பாரிஸ் நகரையடுத்த சென் டெனி மடாலயத்தில் 1140களில் இம்முறை ஒருங்கிணைந்த வடிவம் பெற்றது. பிற்கால ஜேர்மன் தேசியவாதிகள் இதனை ஜேர்மானிய இனத்தின் கலையென உரிமை பாராட்டினர். இளைஞனாயிருந்த கெதே 1772இல் ஸ்ராஸ்பேர்க் ஆலயத்தைப் பற்றி எழுதிய கட்டுரை அதற்குப் பெரிதும் துணைபோயிற்று. பிரெஞ்சு மண்ணிற் பிறந்த கலைக்கு இத்தாலியர் இழிவு கருதி இட்ட பெயர் கொதிக். அதை ஜேர்மானியர் பெருமையாகச் சூடிக்கொண்டது கலை வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று.

உல்மின் முதற் கட்டடத் தலைவர்கள் புகழ்பெற்ற பார்லர் குடும்பத்தவர். ஹைன்றிக் பார்லர் வகுத்த திட்டம் ஒரு மண்டபக் கோவிலுக்குரியது. நடுக்கூடமும் இரு பக்கக்கூடங்களும் ஒத்த உயரமும் ஏறத்தாழ ஒத்த அகலமும் கொண்டமைவது அவ்வகை. தென் ஜேர்மன் நகரங்களின் பங்குக் கோவில்கள் பலவற்றில் இவ்வடிவம் விரும்பப்பட்டது. ஒரே கூரையின்கீழ் சபை முழுவதும் ஒன்றாய் நிற்கும் உணர்வை அது தரும். 1392இல் தலைமை ஏற்ற உல்றிக் பொன் என்சிங்கன் இதனைக் கைவிட்டார். நடுக்கூடம் வானளாவ உயரவும் பக்கக்கூடங்கள் தாழ்ந்து நிற்கவும் கூடிய வடிவத்தை அவர் வகுத்தார். இன்று நடுக்கூடத்தின் உயரம் 41.6 மீற்றர், பக்கக்கூடங்கள் அதன் பாதியளவே. மேற்கு முகப்பில் ஒரேயொரு மாபெருங் கோபுரத்தையும் அவர் திட்டமிட்டார். பேராலயங்கள் பெரும்பாலும் இரட்டைக் கோபுரங்களை நாடின. ஒற்றைக் கோபுரமோ அப்பிரதேசத்துப் பங்குக் கோவில்களின் அடையாளம். பிறைபேர்க் நகரில் 1330 அளவில் முடிந்த 116 மீற்றர்க் கோபுரம் அதற்கு முன்மாதிரி. உல்ம் நகரத்தார் பேராலயத்தைப் போலச் செய்ய முயலவில்லை. பங்குக் கோவிலின் வடிவத்தையே பெருக்கினர். குறுக்குக்கூடம் இல்லை; பீடப்பகுதியைச் சுற்றிவரும் நடைகூடமும் இல்லை. பீடப்பகுதி 26 மீற்றர் உயரத்தோடு அடங்கிவிடுகின்றது. குருமாருக்குரிய பகுதி தாழ, மக்கள் நிற்கும் கூடமும் நகரைப் பார்த்து நிற்கும் கோபுரமும் ஓங்கின. இதனைத் திட்டமிட்ட சமூகக் குறியீடென வலியுறுத்த நான் முற்படவில்லை. பீடப்பகுதி முதலில் மண்டபக் கோவிலின் அளவுக்குக் கட்டப்பட்டுவிட்டமையே உடனடிக் காரணம். எனினும் அதை இடித்து உயர்த்த வேண்டுமென எவரும் கருதவில்லை என்பதிலும் பொருளுண்டு.

இவ்விடத்தில் தேவாலயத்தினுள்ளே உள்ள ஒரு புடைப்புச் சிற்பத்தைக் குறிப்பிடாமற் செல்லமுடியாது. லூட்விக் கிராவ்ற்றும் அவர் மனைவியும் இருபுறமும் நின்று ஆலயத்தின் சிறிய வடிவமொன்றைக் கீழே குனிந்திருக்கும் ஒருவனின் தோளில் ஏற்றுகின்றனர். அவன் கட்டடத் தலைவன். நன்கொடையாளன் ஆலய வடிவைக் கையிலேந்திப் புனிதருக்கு அளிப்பதாகச் சித்திரிப்பதே மத்தியகால மரபு. இங்கு புனிதர் நடுவில் இல்லை. கொடுப்பவன் நகரத்தான், சுமப்பவன் தொழில்வல்லுநன். பாரம் யாருடையது, புகழ் யாருடையது என்பதை அச்சிற்பி அறிந்தே செதுக்கினானா என்று கேட்கத் தோன்றுகின்றது. ஆயின் கட்டடத் தலைவனைத் தாங்கி நின்ற கற்கொத்தர்களுக்கு அங்கே இடமில்லை. அவர்களை நாம் அறிவது அவர்கள் கற்களில் இட்ட சிறு குறிகளினாலேயே. கற்கொத்தர் ஊர்விட்டு ஊர் சென்று வேலை செய்தவர்கள். அவர்களின் பிணைப்பு உள்ளூர்க் கணங்களை மீறியது. 1459இல் றேகன்ஸ்பேர்க்கிற் கூடி அவர்கள் வகுத்த விதிகள் ஸ்ராஸ்பேர்க், வியன்னா, கொலோன், பேர்ன் ஆகிய நான்கு தலைமைப் பட்டறைகளின்கீழ் ஜேர்மன் நாடுகளனைத்தையும் இணைத்தன. உல்றிக்கே உல்மிற் பணியாற்றிக்கொண்டு 1399 முதல் ஸ்ராஸ்பேர்க் கோபுரத்தையும் வழிநடத்தியவர். மிலான் நகரமும் அவரைச் சிறிதுகாலம் அழைத்திருந்தது. நகரச் சுதந்திரத்தின் சின்னமாகக் கருதப்படும் கட்டடத்தை நகரத்துக்குரியவரல்லாத தொழிலாளரே எழுப்பினர்.

ஆலயம் 1405இல் அபிஷேகம் செய்யப்பட்டபோது அதிற் பெரும்பகுதி கட்டப்படவில்லை. உல்றிக்கின் மருமகன், மகன், பேரன் எனத் தலைமை அக்குடும்பத்திலேயே தொடர்ந்தது. 1449இல் பீடப்பகுதியின் கற்கூரையும் 1471இல் நடுக்கூடத்தின் கற்கூரையும் முற்றுப்பெற்றன. அதே 1471இல் பீடப்பகுதிக்கு முன்னுள்ள வளைவின் மேல் இறுதித் தீர்ப்பின் பெருஞ்சுவரோவியம் தீட்டப்பட்டது.

உள்ளணிகளில் யோர்க் சியூர்லினின் பட்டறை 1469 முதல் 1474 வரை செய்த கருவாலி மர இருக்கை வரிசைகள் தனியாய்வுக்குரியன. 89 இருக்கைகள். ஒருபுறம் ஆண்கள், மறுபுறம் பெண்கள். மேலடுக்கில் புதிய ஏற்பாட்டுக் காலத்தவரும் திருச்சபைப் புனிதரும், நடுவில் பழைய ஏற்பாட்டு மாந்தரும் அமைய, கையெட்டும் உயரத்தில் கிறித்துவை அறியாத பண்டையோர் அமர்ந்துள்ளனர்: பைதகரஸ், தொலமி, சிசரோ, வேர்ஜில், செனெகா. எதிரே, தீர்க்கதரிசனம் உரைத்த சிபில்கள். இவற்றைப் பார்ப்போரின் மனத்தில் நிலைப்பது அம்முகங்களின் தனித்தன்மையே. தாடையைத் தடவிச் சிந்திக்கும் அறிஞன் அக்காலத்து உல்ம் நகரத் தெருவிற் சென்ற ஒருவனாகவே தோன்றுகின்றான். அவர்களுக்கு அணிவிக்கப்பட்ட தலைப்பாகையும் உடையும் அக்காலச் செல்வரின் உடைகளே. இத்தாலிய மானுடவாதக் கல்வி அல்ப்ஸ் மலையைக் கடந்து வந்த பாதையும் பருத்தி வந்த பாதையும் ஒன்றே என்பதை நினைவிற்கொண்டால் பைதகரஸ் இங்கு அமர்ந்திருப்பதில் வியப்பில்லை.

இருக்கைகளைச் சூழ்ந்த சாளரங்களும் நோக்கத்தக்கன. 1480 அளவில் அண்ட்லௌ ஊரவரான பேற்றர் ஹெம்மலின் பட்டறையிற் செய்யப்பட்ட இரு வண்ணச் சாளரங்களில் ஒன்று நகரசபையின் கொடை. மற்றையது சில்லறை வணிகர் கணத்தின் கொடை. பேராலயமொன்றில் அரச குடும்பத்தின் சின்னம் ஒளிரும் இடத்தில் இங்கே கடைக்காரரின் கொடை ஒளிர்கின்றது. பெசரர் போன்ற பெருங்குடியினரோ தமக்கெனத் தனிச் சிற்றாலயங்களைப் பக்கத்தே கட்டிக்கொண்டனர்.

1477 அளவில் தலைமையேற்ற மத்தேயுஸ் பொப்ளிங்கர் கோபுரத்துக்குப் புதிய வரைபடமொன்றைத் தயாரித்தார். சதுர அடிப்பகுதியின்மேல் எண்கோணப் பகுதியும், அதன்மேல் கல்லாலான வலைப்பின்னற் கூம்பும் அதிற் காணப்பட்டன. கோபுரம் உயர்ந்துகொண்டிருக்கையில் 1490களின் தொடக்கத்தில் மக்கள் கூடியிருந்த வேளையொன்றில் அதிலிருந்து கற்கள் பெயர்ந்து விழுந்தன. கோபுரத்தின் ஒரு பக்கம் மேற்குச் சுவரில் ஊன்றி நிற்க, மறுபக்கம் நடுக்கூடத்தினுள்ளே நின்ற தூண்களின்மீது தங்கியிருந்தது. நூறு ஆண்டுகளுக்கு முன் வேறொரு கட்டடத்துக்கென இடப்பட்ட அடித்தளம் இப்பாரத்தை எதிர்பார்த்திருக்கவில்லை. பொப்ளிங்கர் நகரை விட்டு நீங்கினார். பல நகரங்களிலிருந்தும் தலைமைச் சிற்பிகள் ஆலோசனைக்கு அழைக்கப்பட்டனர்; பணி அவுக்ஸ்பேர்க் நகரத்துப் பேர்க்ஹார்ட் எங்கல்பேர்க்கிடம் ஒப்படைக்கப்பட்டது.

எங்கல்பேர்க் அடித்தளத்தை ஆழமாக்கிப் பலப்படுத்தினார். கோபுரத்தையடுத்த வளைவுகளை அடைத்தார். அத்தோடு அவர் நிற்கவில்லை. நடுக்கூடத்தைப் போன்றே ஏறத்தாழ 15 மீற்றர் அகலங்கொண்ட பக்கக்கூடங்களின் கூரைகள் சுவர்களைத் தள்ளிக்கொண்டிருந்தன. 1502 தொடக்கம் 1507 வரையான ஆண்டுகளில் அக்கூரைகளை அகற்றி, ஒவ்வொரு பக்கக்கூடத்தின் நடுவிலும் மெல்லிய உருண்டைத் தூண்களை வரிசையாக நிறுத்தி, அவற்றின்மேல் நட்சத்திர வடிவிலான புதிய விலாக் கூரைகளை அமைத்தார். மூன்று கூடக் கோவில் ஐந்து கூடக் கோவிலாயிற்று. என் கருத்தில் உல்ம் தேவாலயத்தின் மிகச் சிறந்த பகுதி கோபுரமன்று, இப்பக்கக்கூடங்களே. நடுக்கூடம் மனிதனைச் சிறுமைப்படுத்தும் உயரத்தை உடையது. இவையோ நிமிர்ந்த தூண்களும் தணிந்த கூரையுமாய் மனித அளவுக்கு இசைந்தவை. தவறொன்றைத் திருத்தும் பொருட்டு எழுந்தவையாதலின் கலைவரலாற்று நூல்கள் பல இவற்றை இரண்டொரு வரிகளிற் கடந்து செல்கின்றன.

1530 நவம்பரில் உல்ம் நகரத்து ஆண்குடிமக்கள் தத்தம் கணங்களாகக் கூடி வாக்களித்தனர். அவுக்ஸ்பேர்க் பேரரசு மன்றத்தின் தீர்மானத்தை ஏற்றுப் பழைய சமயத்துக்குத் திரும்புவதா, மறுப்பதா என்பதே வினா. ஏறக்குறைய நூற்றுக்கு 87 பேர் மறுத்தனர். சமயச் சீர்திருத்தம் பொதுவாகப் பிரபுவின் ஆணையால் மேலிருந்து புகுத்தப்பட்ட காலத்தில் இது குறிப்பிடத்தக்க நிகழ்ச்சி. அடுத்த ஆண்டு யூன் மாதத்தில் ஆலயத்திலிருந்த ஏறத்தாழ அறுபது பீடங்களும் படங்களும் அகற்றப்பட்டன. கணங்களும் குடும்பங்களும் தம் முன்னோரின் ஆன்ம ஈடேற்றத்துக்கென நிறுவியவை அவை. சியூர்லினின் இருக்கைகள் தப்பின. தீர்ப்பு ஓவியம் வெள்ளையடித்து மறைக்கப்பட்டு 1880இலேயே மீண்டும் வெளிப்பட்டது.

1543இல் கட்டடப் பணி நின்றது. கோபுரம் ஏறக்குறைய நூறு மீற்றர் உயரத்தில் தட்டையாக நின்றது. புதிய சமயம் கட்டடத்தை வெறுத்ததே காரணமெனச் சிலர் கூறுவர். ஈடேற்றம் நற்கிரியையால் வாராது, விசுவாசத்தால் மட்டுமே வருமென்ற போதனை கொடையின் ஊற்றை அடைத்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது மட்டுமன்று. உலக வணிகத்தின் அச்சு வெனிசையும் அல்ப்ஸ் கணவாய்களையும் விட்டு அத்திலாந்திக் கரைக்கு நகரத் தொடங்கியிருந்தது. புரட்டஸ்தாந்த நகரங்கள் போருக்குப் பணம் சேர்க்கவேண்டியிருந்தது. அப்போரில் 1547இல் வென்ற ஐந்தாம் சார்ள்ஸ் மறு ஆண்டே உல்மின் கண ஆட்சியை ஒழித்து அதிகாரத்தைப் பெருங்குடியினருக்கு மீட்டளித்தான். கோபுரத்தை எழுப்பிய அரசியல் அமைப்பு கோபுரம் நின்று ஐந்து ஆண்டுகளில் மறைந்தது.

இக்கட்டடத்தை "மக்களின் கோவில்" என்று போற்றும் எழுத்துக்கள் உண்டு. அச்சொல்லை எச்சரிக்கையோடு கையாளவேண்டும். அடிக்கல் இடுவதற்கு இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன், 1349 சனவரியில், கொள்ளைநோய்ப் பீதியின் நடுவே உல்மின் யூதர் படுகொலை செய்யப்பட்டனர். மீண்டும் குடியேறியோர் கடன் கொடுத்து வாழ்ந்தனர். 1385இல் உல்மிற் கூடிய நகரக் கூட்டணி, அரசன் வென்செஸ்லாசுக்கு 40,000 பொற்காசு கொடுத்து, யூதருக்குச் செலுத்தவேண்டிய கடன்களைத் தம் கைக்கு மாற்றிக்கொண்டது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் தந்தையின் அடகு முயற்சியை எதிர்த்தெழுந்த அதே நகரங்கள், மகனோடு உடன்பட்டுத் தம் அயலவரைக் கொள்ளையிட்டன. 1499இல் யூதர் நகரிலிருந்து முற்றாக வெளியேற்றப்பட்டனர். அது எங்கல்பேர்க் கோபுரத்தைப் பலப்படுத்திக்கொண்டிருந்த காலம். மதிலுக்கு வெளியே உல்மின் ஆட்சிக்குட்பட்ட கிராமத்து மக்களுக்கும் சபையிலோ கணத்திலோ இடமில்லை. நகரச் சுதந்திரமென்பது நகரத்தாரின் சுதந்திரமே.

மூன்று நூற்றாண்டுகள் அரைகுறையாய் நின்ற ஆலயத்தில் 1844இல் மீண்டும் உளியோசை கேட்டது. இடையே உல்ம் தன் சுதந்திரத்தை 1802இல் இழந்து பவேரியாவுக்கும், 1810இல் வூர்ற்றம்பேர்க் இராச்சியத்துக்கும் கைமாறியிருந்தது. 1377இல் எந்தப் பிரபு குடும்பத்தை நகரப்படை வென்றதோ அக்குடும்பத்தின் அரசர் ஆட்சியிலேயே அவ்வாலயம் நிறைவெய்தியது. கட்டடத் தலைவர் பேர்டினண்ட் திறேன் நடுக்கூடத்தின் பக்கத் தள்ளுகையைத் தடுக்க, மத்தியகாலத்தவர் கட்டாது விட்ட தாவுவில் உதைசுவர்களை எழுப்பத் தொடங்கினார். 1880இல் கிழக்குக் கோபுரங்கள் இரண்டும் முடிந்தன. அவ்வாண்டே கொலோன் பேராலயம் 157 மீற்றர் உயரத்தில், பிரஷ்யத் தலைமையிலான ஜேர்மன் பேரரசின் சின்னமாக, நிறைவுபெற்றது. அவுகுஸ்ற் பேயர் 1885இல் பிரதான கோபுரத்தை உயர்த்தத் தொடங்கியபோது பொப்ளிங்கரின் வரைபடத்தையே பின்பற்றினார். ஆயின் அதில் 151 மீற்றராயிருந்த உயரம் பத்து மீற்றர் கூட்டப்பட்டது. கொலோனைத் தாண்டவேண்டுமென்பதைத் தவிர அந்தப் பத்து மீற்றருக்குக் கட்டடக்கலை சார்ந்த காரணம் தேடுவது வீண். 1890 மே 31ஆந் திகதி உச்சிக்கல் வைக்கப்பட்டது. நிதியின் ஒரு பகுதி அதிர்ஷ்டலாபச் சீட்டுக்களால் திரட்டப்பட்டது. ஆன்ம ஈடேற்றத்துக்காகக் கொடுத்தவர் பரம்பரை மறைந்து பரிசுக்காகக் கொடுப்பவர் பரம்பரை வந்திருந்தது. கோபுரம் தனித்துத் தோன்றவேண்டுமென்பதற்காக முன்னாலிருந்த மத்தியகாலப் பிரான்சிஸ்கன் மடாலயக் கோவிலும் 1870களில் இடிக்கப்பட்டது. மத்தியகாலத்தைப் போற்றியோர் மத்தியகாலக் கட்டடமொன்றை அழித்து வெறும் சதுக்கத்தை உண்டாக்கினர்.

அடிக்கல்லின் ஐந்நூறாம் ஆண்டு நிறைவு 1877இற் கொண்டாடப்பட்டபோது, 19ஆம் நூற்றாண்டில் மீண்டும் உல்மிற் குடியேறியிருந்த யூத சமூகத்தினர் ஆலயத்தின் நடுக்கூடத்துக்குத் தீர்க்கதரிசி எரேமியாவின் சிலையொன்றை நன்கொடையாக அளித்தனர். 1938 நவம்பரில் அச்சமூகத்தின் செபக்கூடம் தீக்கிரையாக்கப்பட்டது. அது ஆலயத்திலிருந்து சில நிமிட நடைத் தொலைவில் இருந்தது.

1944 டிசெம்பர் 17ஆந் திகதி இரவு நிகழ்ந்த விமானத் தாக்குதலில் உல்மின் பழைய நகரில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் அழிந்தது. நெசவாளரின் வீடுகளும் கணங்களின் மனைகளும் சாம்பலாயின. தேவாலயம் சேதங்களோடு தப்பி நின்றது. இன்று அதன்முன் 1993இல் றிச்சர்ட் மையர் அமைத்த வெண்ணிற நகர மண்டபம் நிற்கின்றது. கட்டப்பட்ட காலத்தில் அது பெருஞ்சர்ச்சைக்குள்ளாயிற்று; வெற்றுச் சதுக்கம் தொன்மையானதென நம்பியோரே அதனை மிகுதியும் எதிர்த்தனர்.

2025 ஒக்டோபரில் பார்சிலோனாவின் சக்ராட பமிலியா ஆலயம் உல்ம் கோபுரத்தின் உயரத்தைக் கடந்தது. 768 படிகளேறிக் கோபுரத்தின் மேலிடத்தை அடைவோர், நகரத்தின் கூரைகளையும் தன்யூபையும் அப்பாலுள்ள வயல்களையும் காண்பர். பழைய பங்குக் கோவில் இருந்த இடத்தில் இன்று நகரத்தின் பழைய மயானம் பூங்காவாகி உள்ளது. கீழே, 1844இல் மீள நிறுவப்பட்ட கற்கொத்தர் பட்டறை இன்றும் இயங்குகின்றது. மழையிலும் புகையிலும் அரிந்த கற்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் புதியவற்றை அவர்கள் செதுக்கிப் பொருத்துகின்றனர். சாரம் ஒரு பக்கத்தில் இறங்கினால் மறுபக்கத்தில் ஏறும்.